சுருட்டிய பாயை இறக்கிய நாள்

படகுத் துறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மதாம் கேட்டார்கள். எந்தக் கிழமை எந்த வேலை என்பதெல்லாம் சாமான் அறைச் சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தத் தாளில் ஏற்ற முடியாத இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்கிறேன். இரண்டிலும் தப்பு என்னுடையது. இரண்டாவதில் ஜெயித்ததும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை.

நான் நெடுங்காட்டுப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். காரைக்காலில் ஒரு பட்டறையில் லாரி தார்ப்பாய், பள்ளிக்கூடப் பை, பந்தல் துணி எல்லாம் தைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது வரை கடலில் கால் நனைத்ததோடு சரி. மதாம் பிரான்சில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பி, அரசலாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒற்றைப் பாய்மரப் படகை வைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த சமயம் அது. பாயின் ஓரம் பிரிந்துவிட்டது, தைக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் வேலைக்கு வந்தவள் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன்.

நம் படகின் முன்பாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவைக்கிற மாதிரி, முன்பக்கக் கம்பியைச் சுற்றிச் சுருண்டு நிற்கும். கீழே ஒரு ட்ரம். அதில் சுற்றிய கயிற்றை இழுத்தால் பாய் சுருளும், விட்டால் விரியும். உச்சியில் ஸ்விவல் என்று ஒரு சுழலும் வளையம். பாயின் தலையைப் பிடித்துக்கொண்டு கம்பியில் ஏறி இறங்குவது அதுதான். படகு கடலுக்குப் போகிற நாள் வாரத்தில் இரண்டோ மூன்றோ. மற்ற நாளெல்லாம் இந்தச் சுருள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் சும்மா நிற்கிறது. அது கெட்டுப்போவதும் பெரும்பாலும் அப்படி நிற்கும்போதுதான்.

முதல் தப்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில். பாயைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப ஏற்றும்போது ட்ரம்மில் கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டேன். அதனால் பாய் எதிர்ப்பக்கமாகச் சுருண்டது. பாயின் ஓரத்தில் ஒரு நீலப் பட்டை தைத்திருக்கும் இல்லையா, சுருண்டு நிற்கும்போது வெயில் அந்தப் பட்டையின் மேல்தான் விழ வேண்டும். எனக்கு அது உள்ளே போய்விட்டது. வெள்ளைத் துணி வெளியே பளிச்சென்று நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "படகு புதுசாட்டம் இருக்கே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அழகைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

இரண்டு மாத அக்கினி வெயிலுக்குப் பிறகு வெளியூர் போயிருந்த மதாம் திரும்பி வந்தார்கள். கிட்டே வந்து, கட்டைவிரலால் துணியை ஒரு அழுத்து அழுத்தினார்கள். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"வசந்தா, இது யார் பாக்கறதுக்காக இப்படி நிக்குது?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வெயிலில் மக்கிப்போன துணியை வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டு ஒன்பது நாள் தைத்தேன். அதற்குப் பிறகு யாராவது படகு அழகாக இருக்கிறது என்று சொன்னால், முதல் வேலையாகப் போய் விரலால் அழுத்திப் பார்ப்பேன்.

இப்போது புயல் கதைக்கு வருகிறேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். மதாம் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போயிருந்தார்கள். படகும் சாவியும் என் பொறுப்பு. ஜனவரியில் பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர்கள் ஒரு வருஷமாக ஆற்றுக்குள்ளேயே பழகியவர்கள். இருந்தது ஒரே படகு, ஒரே முன்பாய். கிழிந்தால் வேறு பாய் கடல் தாண்டி வர வேண்டும். அதற்குள் பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

புயல் சாயங்காலம் கரையைத் தொடும் என்று அன்று விடியற்காலையே அறிவித்துவிட்டார்கள். படகைக் கரையேற்ற கிரேன் கிடைக்கவில்லை. எல்லாக் கிரேனும் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டன. படகு ஆற்றிலேயேதான் நிற்க வேண்டும். முன்னால் ஒரு நங்கூரம், பின்னால் ஒரு நங்கூரம், மேற்கே முகம். நம் துறை தென்கரையில் இருப்பதால் படகும் தென்கரையை ஒட்டியே நின்றது.

எட்டு மணிக்கு நான் போனபோது வாடைக்காற்று ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகின் சொந்தக்காரர், சரக்குக் கப்பலில் முப்பது வருஷம் இருந்த கேப்டன், தன் பாய்ச் சுருளைக் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துறையில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"நான் எங்க பாய எறக்கப்போறேன் கேப்டன் சார்" என்றேன்.

அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. "எறக்கணும்னா முதல்ல விரிக்கணும் அம்மா. இந்தக் காத்துல விரிப்பீங்களா? பதினெட்டு சுத்து கட்டிட்டேன் பாருங்க, இது எங்க போகும்?"

"மேல கயிறு எட்டாத எடத்துல ஒரு முழம் துணி சும்மா நிக்குது சார். காத்து அங்க விரல விட்டா மொத்தத்தையும் உருவிடும்."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, ஒரு பெரிய மனுஷச் சலிப்பு. "நீங்க நல்லாத் தைப்பீங்க. யாரும் இல்லன்னு சொல்லல. கடல் வேலைய எங்ககிட்ட விடுங்க."

துறையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லார் காதிலும் விழுந்தது.

மதாமுக்குப் போன் போட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை. எடுக்கவில்லை. ஒருவிதத்தில் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். எடுத்திருந்தால் முடிவை அவர்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு நான் லேசாகியிருப்பேன்.

கேப்டன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நீங்கள் மறக்கக் கூடாது. இறக்க வேண்டுமென்றால் முழுப் பாயையும் காற்றில் விரித்துத்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். நான் யோசித்தது இவ்வளவுதான்: இப்போது வருகிற ஆபத்து இரண்டு நிமிஷம், பகல் வெளிச்சம், நான் பக்கத்தில் இருக்கிறேன். சாயங்காலம் வருகிற ஆபத்து பத்து மணி நேரம், இருட்டு, பக்கத்தில் ஒருவரும் இருக்க முடியாது.

பட்டினச்சேரி செல்வம் அப்போதுதான் தன் ஃபைபர் படகை ஆற்றுக்குள் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். நம் எஞ்சின் பழுதெல்லாம் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியும். "செல்வம், ஒரு கை வேணும்" என்றேன். "வாங்கக்கா" என்று ஃபைபரில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் படகோடு அணைத்துக் கட்டினார்.

காற்று கொஞ்சம் தணிகிற சமயம் பார்த்து விரித்தோம். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு தெற்கே பறந்தது. பாயை உச்சியில் ஏற்றிப் பிடித்திருக்கும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நான் பாயைக் கீழே இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது.

செல்வமும் வந்து பிடித்தார். இரண்டு பேரும் தொங்கினோம். அசையவில்லை. திரும்ப மேலே ஏற்றிப் பார்த்தோம். அதுவும் முடியவில்லை. இறங்காமலும் ஏறாமலும், சுருட்டவும் வழியில்லாமல், பாதிப் பாய் ஆகாயத்தில் நின்று அடித்துக்கொண்டது. அது அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பாய்மரம் அடிவரை நடுங்கியது. சுருட்டியே வைத்திருந்தால் சாயங்காலம் வரையாவது பாய் பிழைத்திருக்கும். நான் கெடுத்துவிட்டேன்.

கரையிலிருந்து கேப்டன் கத்தினார். "அறுத்து விடுங்க! மரம் போயிடும், பாய அறுத்து விடுங்க!"

செல்வம் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அக்கா, அவர் சொல்றது சரிதான். நீங்க சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன். பாய் கிழிவதைவிட, கரையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களே என்பதுதான் அந்த நேரத்தில் என்னை அதிகமாகத் தின்றது. அதனால்தான் அவ்வளவு வெறியோடு இழுத்திருக்கிறேன். அது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். இழுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அப்போதுதான் கம்பி கண்ணில் பட்டது. நேராக நிற்க வேண்டிய முன்கம்பி வில் மாதிரி தெற்கே வளைந்திருந்தது. ஆற்றோட்டம் படகை மேற்கே முகம் பார்க்க நிறுத்தியிருக்கிறது. காற்றோ வடக்கிலிருந்து விலாவில் அடிக்கிறது. பாய் பக்கவாட்டில் இழுக்க இழுக்கக் கம்பி வளைகிறது. வளைந்த இடத்தில் ஸ்விவல் கடித்துக்கொண்டு நிற்கிறது.

பட்டறையில் ஆயிரம் தடவை பார்த்த காட்சி இது. புடைத்த பையில் ஜிப் நின்றுவிட்டால் ஜிப்பை இழுக்கக் கூடாது. பையை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்தால் ஜிப் தானாக வரும்.

"செல்வம், படகோட மூஞ்சிய வடக்க திருப்பணும். காத்த நேருக்கு நேர் பாத்துட்டா கம்பி நிமிந்துடும்."

அவர் ஒரு நொடி யோசித்தார். "பின்னாடி நங்கூரத்த அவுத்துட்டு, பின்பக்கத்த தென்கரைக்கு இழுத்தா மூஞ்சி திரும்பும். ஆனா படகு ஆத்துக்குக் குறுக்க நிக்கும்க்கா. தண்ணி மொத்தமும் விலாவுல மோதும். முன் நங்கூரம் தாங்குமா?"

"கொஞ்ச நேரம் தாங்கும்."

"தாங்கலேன்னா?"

நான் கத்தியைக் காட்டினேன். "முன் நங்கூரம் ஒரு முழம் நகந்தாலும் நான் பாய அறுத்துடுவேன். அப்ப நீங்க என்னைக் கேக்க வேணாம், நானும் உங்களக் கேக்க மாட்டேன்."

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், ஒரு காரியத்தைத் துணிந்து செய்வதற்கு முன்னால் எந்த இடத்தில் அதைக் கைவிடுவது என்பதையும் அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நடுவில் யோசிக்க நேரம் இருக்காது. நடுவில் யோசித்தால் மனசு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லும். அதைச் சொன்ன பிறகு கத்தியை ஒரு கையில் பிடித்தபடியே வேலையைத் தொடங்கினேன்.

கரையில் அடையாளத்துக்கு ஒரு கம்பு நட்டிருந்தது. முன் நங்கூரத்தின் மிதவைக்கு நேரே அது தெரிந்தது. இரண்டும் விலகினால் நங்கூரம் நகர்கிறது என்று அர்த்தம். கண்ணை அதில் வைத்தேன். செல்வம் பின்பக்கக் கயிற்றை ஃபைபரில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். கயிற்றைக் கரையில் யாராவது தூணில் சுற்றிப் பிடிக்க வேண்டும். சும்மா பிடித்தால் கையோடு போய்விடும். துறையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கேப்டன்தான் வந்தார். எழுபது வயது மனிதர், செருப்பை உதறிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கிக் கயிற்றை வாங்கிக் கான்கிரீட் தூணில் மூன்று சுற்று சுற்றினார். செல்வத்திடம் ஏதோ கேட்டார். செல்வம் கையால் வடக்கைக் காட்டினார். கேப்டன் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தார்.

செல்வம் திரும்பி வந்ததும் பின் நங்கூரக் கயிற்றை அவிழ்த்தோம். கரையில் கேப்டன் அங்குலம் அங்குலமாக இழுத்துச் சுற்றினார். பின்பக்கம் தெற்கே நகர்ந்தது. படகு ஆற்றுக்குக் குறுக்கே திரும்பத் திரும்பத் தண்ணீர் விலாவில் குவிந்து ஏறியது. படகு சாய்ந்தது. மிதவையும் கம்பும் நேராகவே இருந்தன. இன்னும் திரும்பியது. பாய் பக்கவாட்டில் இழுப்பதை விட்டுவிட்டு எங்கள் தலைக்கு மேலே வந்து அடித்தது. கம்பி நிமிர்ந்தது.

"இப்ப" என்றேன்.

நான் ஒற்றைக் கையால் இழுத்தேன். மேலே ஒரு 'டக்' சத்தம். அவ்வளவுதான், கல்யாண மண்டபத்துத் திரை இறங்குவது மாதிரி மொத்தப் பாயும் சரசரவென்று எங்கள் மேல் வந்து விழுந்தது. செல்வம் அதன் அடியில் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பாயின் மேல் அப்படியே படுத்து அமுக்கிக்கொண்டேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. ஒரு தையல் பிரியவில்லை.

பின்பக்கத்தைத் திரும்பக் கட்டிவிட்டு, பாயைச் சுருட்டிக் கரைக்குக் கொண்டுவந்தபோது கேப்டன் சேற்றோடு நின்றார். உள்ளங்கை சிவந்திருந்தது. பாயை ஒரு பார்வை, தன் படகை ஒரு பார்வை.

"வசந்தா" என்றார். அவர் என் பேரைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. "என்னோடதையும் எறக்கிடலாமா? நேரம் இருக்கா?"

"வாங்க சார், இருக்கு."

இந்தத் தடவை முதலிலேயே படகைத் திருப்பிக்கொண்டுதான் விரித்தோம். கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. மூன்றாவதாக வெளியூர்க்காரர் ஒருவரின் வெள்ளைப் படகு நின்றது. அதற்குப் போவதற்குள் காற்று விடாப்பிடியாக ஏறிவிட்டது. செல்வம் வேண்டாம் என்றார். எனக்கும் வேண்டாம் என்றுதான் பட்டது. விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை முறிந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டித் துறைக்கு வந்தோம். நம் படகு கட்டிய இடத்தில் கட்டியபடி நின்றது. கேப்டனுடையதும் நின்றது. வெள்ளைப் படகின் பாய் உச்சியில் ஆரம்பித்து நார் நாராகக் கிழிந்திருந்தது. அது அடித்த அடியில் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு, படகு தெற்கே சேற்றில் சாய்ந்து கிடந்தது. கேப்டன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

கதையை இதோடு நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா?

வெயில் வந்ததும் ஸ்விவலைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே உப்பு, கல்கண்டு மாதிரி இறுகியிருந்தது. ஒவ்வொரு தடவை படகு திரும்பி வரும்போதும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவேன். எங்கே? கீழே ட்ரம்மில். ஹோஸ் எட்டுகிற இடத்தில். உச்சியில் இருப்பதைக் கழுவ வேண்டுமானால் பாயையே இறக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போட்டது. கம்பி வளைந்தது காற்றால். ஆனால் உப்பு இல்லையென்றால் வளைந்த கம்பியிலும் அது இறங்கியிருக்கும். படகைக் காப்பாற்றியவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நெருக்கடியில் பாதியை உண்டாக்கியதும் நான்தான்.

அன்று சாயங்காலம் மதாம் போனில் கிடைத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். உப்பையும் சொன்னேன்.

மதாம் ஒன்றுதான் கேட்டார்கள். "உப்ப நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மதாம்."

"சரி. நான் வர்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆவும். அது வரைக்கும் எதுக்கும் எனக்குப் போன் பண்ணிக் கேக்க வேணாம். நீங்களே முடிவு பண்ணுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பள உயர்வு இந்த வார்த்தைதான்.

ஸ்விவலை வெந்நீரில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, விரலால் சுண்டினால் சுற்றுகிற வரை விடவில்லை. பாயை முழுக்க நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு தையலையும் நகத்தால் கீறிப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம்.

ஜனவரியில் பிள்ளைகள் செல்வத்தோடு கடலுக்குப் போனார்கள். முகத்துவாரத்தைத் தாண்டிப் பட்டினச்சேரி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். நானும் கேப்டனும் கரையில் நின்றோம். திரும்பி வருகிற நேரத்தில் காற்று திடீரென்று வலுத்தது. முகத்துவாரத்தில் அலை உடைய ஆரம்பித்தது. அங்கே இரண்டு பக்கமும் கல். முன்பாய் முழுக்க விரிந்திருக்க, படகு சாய்ந்துகொண்டு நேராக அந்தக் கல்லைப் பார்த்து வேகமாக வந்தது. இப்போது பாயைச் சுருட்டியே ஆக வேண்டும். கயிற்றைப் பிடித்திருந்தவள் நஸ்ரின், பி.காம் கடைசி வருஷம் படிக்கிற பெண். ஒல்லியான உடம்பு. கேப்டன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தபடியே கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். பாய் சுருண்டது. நான் ஆறு எண்ணுவதற்குள் முழுக்கச் சுருண்டு கம்பியோடு ஒட்டிக்கொண்டது. படகு நிமிர்ந்து, எஞ்சினைப் போட்டுக்கொண்டு, கல்லுக்கு நடுவில் ஆற்றுக்குள் நுழைந்தது.

கரைக்கு வந்ததும் நஸ்ரினிடம் போனேன். "அங்க வெச்சு எப்படிம்மா சுருட்டுனே?"

அவள் சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை.

"எப்படின்னா? இழுத்தேன்க்கா" என்றாள். "வந்துச்சு."